கவிழ்க்காத வாளி

அடுத்தவர் வீட்டுத் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டுவதுதான் என் பிழைப்பு. பதினோரு வருடமாகத் தென்காசியில் தெருத்தெருவாகப் போய் அதைத்தான் செய்கிறேன். கையில் ஒரு டார்ச், தோளில் ஒரு பை, பைக்குள் மருந்துப் பாட்டில். வாசலில் நின்று "கொசுப்புழு பாக்க வந்திருக்கோம்" என்று குரல் கொடுப்பேன். கதவு திறப்பதற்கு முன்பே உள்ளே ஒரு முனகல் கேட்கும். "கொசுக்காரி வந்துட்டா, அந்தக் குடத்த மூடு." எனக்குக் காது நன்றாகவே கேட்கும். "குடத்த மூடினாப் போதுமா, பிரிட்ஜுக்குப் பின்னால தட்டு இருக்கே, அத யாரு பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே அடுக்களை வரைக்கும் போய்விடுவேன். எனக்கு வாய் நீளம் என்று பேர். இந்த வேலைக்கு வாய் இல்லாவிட்டால் வாசற்படியைத் தாண்ட முடியாது.

அப்படிப்பட்ட நான், என் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால், ஒரு பழைய பெயிண்ட் வாளியில் கொசுப்புழு வளர்த்தேன். தெரியாமல் வளர்ந்ததில்லை, வேண்டுமென்றே வளர்த்தேன். அதனால் ஒரு சின்னப் பிள்ளை சாகக் கிடந்தாள். என் வீட்டுக்காரரிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

எல்லாம் மீனுக்காகத்தான்.

அந்த வருடம் சீசன் டூட்டிக்கு என்னைக் குற்றாலத்தில் போட்டிருந்தார்கள். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் லாட்ஜ்களில் இடம் இருக்காது. ஊரெல்லாம் ஈரம், எங்கே பார்த்தாலும் தேங்கிய தண்ணீர். லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கிவிட்டு, வழியில் இருந்த ஒரு மீன் கடைக்குள்ளும் நுழைந்தேன். கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்கள் வெளியே தொட்டி கழுவுகிற பிளாஸ்டிக் டப்பாவை மறந்துவிடுவார்கள், அதில்தான் புழு இருக்கும். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பும்போதுதான் மூலைத் தொட்டியைப் பார்த்தேன்.

தொட்டியின் அடிப்பக்கம் முக்கால்வாசி காலி. எல்லா மீனும் தண்ணீரின் மேல்மட்டத்தில், மட்டப்பலகை வைத்துப் பார்த்த மாதிரி ஒரே கோட்டில் நின்றன. விரல் நீளம்தான். கீழ்த்தாடை மட்டும் ஊசியாக நீண்டிருக்கும், மேல்தாடை குட்டை. கீழே இரை விழுந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. தண்ணீர் மேல் ஒரு எறும்பு விழுந்தால் போதும், அடுத்த நொடி எறும்பு இருக்காது.

"ஹாஃப் பீக்குன்னு பேரு" என்றார் கடைக்காரர். "முட்டை போடாது, குட்டி போடும். கொசு முட்டையிடுத எடத்துலயே வாய வச்சிக்கிட்டு நிக்குது பாருங்க. உங்க டிபார்ட்மெண்டு மீனுல்லா!"

கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கிணற்றில் விடுவதற்கு எங்களிடம் கப்பி மீன் தருவார்கள். அதனால் மீனெல்லாம் எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த மீனிடம் ஏதோ ஒரு பிடிவாதம் தெரிந்தது. ஆண் ரெண்டு, பெண் மூன்று வாங்கி வந்துவிட்டேன். ஊசிவாய் என்று நானே பேர் வைத்தேன்.

குத்துக்கல்வலசையில் எங்களுக்குக் கீழ்வீடு, வாடகை. என் வீட்டுக்காரர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடு பார்க்கிறவர், விடியுமுன்னே போனால் மத்தியானம்தான் வருவார். மேல்வீட்டில் ஒரு சின்ன வயசுக்காரி, அவளுக்கு ரெண்டாம் கிளாஸ் படிக்கிற ஒரு மகள். அவள் புருஷன் மிலிட்டரியில், வடக்கே எங்கேயோ. அவள் தென்காசியில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறவள், ஆகவே பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளை நேரே என் வீட்டுக்குத்தான் வரும். பையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே மீன் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடும். எதிர்வீட்டில் போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், மனைவி போனபிறகு தனி ஆள். தெரு முழுக்க ஏட்டையா என்றுதான் கூப்பிடும். காம்பவுண்டுச் சுவரில் குருவிக்கு ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைப்பார். நான் வாரம் தவறாமல் அதைக் கொட்டுவேன். அவர் வாரம் தவறாமல் என்னைத் திட்டுவார்.

"ஏம்மா, குருவி குடிக்கிற தண்ணியில ஒனக்கு என்னம்மா பகை?"

"குருவிக்கு வைங்க ஏட்டையா, வேண்டாங்கல. தெனமும் மாத்தி வைங்க. உங்களுக்கு மறந்துபோகுது, கொசுவுக்கு மறக்காது."

"போலீஸ்காரனுக்கே ஆர்டர் போடுதியா?" என்று சிரித்துக்கொண்டே போவார்.

ஒரு மாதம் கழித்துப் பெண் மீன் ஒன்றின் வயிறு பெருத்தது. பிள்ளைக்கும் எனக்கும் அதே பேச்சுதான். மிரண்டு ஓடிக் கண்ணாடியில் மோதினால் அந்த ஊசித் தாடை ஒடிந்துவிடும் என்று தொட்டியின் மூன்று பக்கமும் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். தாய் மீனே குட்டியைத் தின்றுவிடும் என்று மேலே பாசிச்செடி மிதக்கவிட்டோம். ஒரு காலையில் எழுந்து பார்த்தேன். குட்டிகள் பிறந்திருந்தன. பதினைந்து இருக்கும். அத்தனையும் செத்து, வெள்ளை நூல் துண்டுகளாக அடியில் கிடந்தன.

அடுத்த மாதம் இன்னொரு மீன். அதுவும் அப்படியே.

அந்த ரெண்டாவது முறை நான் தொட்டி முன்னால் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "சவத்த மீனுக்கா அழுத?" என்று கேட்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக வெளியே போய்விட்டார். எனக்கும் ஒன்று அப்படித்தான் போனது. ஒன்பதாம் மாதம். முகத்தைக்கூடக் காட்டாமல் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு எனக்குத் தங்கவே இல்லை. மீனுக்காக அழுதேனா அதற்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் நிதானமாகக் கேட்டார், "என்ன தீனி போடுதீங்க?"

"நீங்க குடுத்த தீனிதான்."

"காய்ஞ்ச தீனி போட்டா இந்த மீனு செத்த குட்டிதான் போடும். உசுரோட நெளியுத பூச்சி வேணும். கொசுப்புழு கெடச்சா அதுக்கு மேல ஒண்ணுமில்ல."

"என்னையப் பாத்து கேலி பண்ணுதீயளா?"

"கேலி இல்லம்மா. சத்தியமாச் சொல்லுதேன்."

மறுநாள் டூட்டியில் ஒரு வீட்டு ஆட்டுக்கல் குழியில் புழு நெளிந்தது. வழக்கமாகத் தரையில் கொட்டி விளக்குமாற்றால் தேய்ப்பேன். அன்றைக்கு என் தண்ணீர்ப் பாட்டிலைக் காலி செய்து, டீ வடிகட்டியால் அள்ளி அதற்குள் போட்டுக்கொண்டேன். "என்னத்துக்கு அது?" என்று வீட்டுக்காரம்மா கேட்டாள். "ஆபீசுல சாம்பிள் கேக்குதாங்க" என்றேன். அது என் முதல் பொய். கொஞ்சம்கூடக் கூசவில்லை.

மீன் அதைத் தின்ற அழகைச் சொல்ல வேண்டும். புழு மூச்சுவிட மேலே வந்து வாலை நீட்டும். ஊசிவாய் அசையாமல் காத்திருந்து ஒரே வெட்டு. பிள்ளை கைதட்டிச் சிரித்தாள். ஒரு வாரத்தில் மீன்களின் துடுப்பில் இல்லாத மஞ்சள் ஏறியது.

ஆனால் நான் வேலையில் கெட்டிக்காரி. நான் பார்க்கிற தெருக்களில் புழு அவ்வளவு லேசில் அகப்படாது. ஒரு வாரம் வெறும் பாட்டிலோடு வந்தேன். அந்த வாரம்தான் பெரிய பெண் மீனுக்கு வயிறு பெருத்திருந்தது. காய்ந்த தீனி போட்டால் இதுவும் செத்துப் பிறக்கும். இதை நினைத்துக்கொண்டே மாடிக்குத் துணி காயப்போடப் போனவள், டேங்குக்குப் பின்னால் கிடந்த பெயிண்ட் வாளியைப் பார்த்தேன். அரை வாளி தண்ணீர் ஊற்றி நாலு காய்ந்த இலையைப் போட்டேன். கொசுவுக்கு என்ன பிடிக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

கணக்கும் எனக்குத் தெரியும். முட்டை பொரிக்க ரெண்டு நாள், புழுவாக நாலைந்து நாள், பிறகு தலை பெருத்துச் சுருண்ட கூட்டுப்புழுவாக ரெண்டு நாள், அதன்பின் கொசு. எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீரைக் கொட்டினால் கொசு வராது என்று வீடுவீடாகப் பாடம் எடுப்பவள் நான். ஆகவே ஆறாம் நாள் தவறாமல் வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்சத் தண்ணீரைச் சுடுகிற தளத்தில் கொட்டி, வாளியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினேன். ரெண்டு முறை, மூன்று முறை. ஒரு கொசு பறக்கவில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இந்த வித்தை தெரிந்த கைக்கு என்ன ஆகும் என்று நினைத்தேன்.

மூன்றாவது முறை வடிகட்டும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"அத்தே, இங்கனதான் புழு வளக்கீங்களா?"

மேல்வீட்டுப் பிள்ளை. இது வெளியே தெரிந்தால் என் வேலை போகும், அது போகட்டும், தெருவில் தலை காட்ட முடியுமா? அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியணும். யாருகிட்டயும் சொல்லக்கூடாது. அம்மாகிட்டயும் சொல்லக்கூடாது, என்ன?"

"ஏன் அத்தே?"

பதில் சட்டென்று வந்தது. "சொன்னா மீனெல்லாம் செத்துப்போயிரும்."

அவள் கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். பிறகு உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

ராயகிரியிலிருந்து போன் வந்தபோது அந்தச் சுற்றில் நாலாம் நாள். நாத்தனார் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், கட்டையை எடுக்கிறதுக்குள் வரவேண்டும். கட்டிய சேலையோடு ஓடினோம். வீட்டுச் சாவியை மேல்வீட்டில் கொடுத்து, மீனுக்குப் பிள்ளை தீனி போட்டுக்கொள்ளட்டும் என்று சொன்னேன். வாளி ஞாபகம் பஸ்ஸில் வந்தது. நாளைக்கு மத்தியானம் திரும்பிவிடலாம், ஐந்தாம் நாள்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. காடாத்துச் சடங்கு முடிந்தது, உறவு வந்தது, பந்தி நடந்தது. ஒரு நாள் ரெண்டானது. ரெண்டு மூன்றானது.

ஏழாம் நாள் சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக் கொல்லையில் நின்றேன். யாரிடம் சொல்வது? ஏட்டையாவிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் போய்க் கவிழ்த்துவிடுவார். "கொசுக்காரி வீட்டுல கொசு" என்று ஆயுசுக்கும் சிரிப்பார். பிள்ளையின் அம்மாவிடம் சொன்னால் அவள் பயந்து வாடகை வீட்டையே மாற்றிவிடுவாள். வெட்கம் பார்த்தேன். கடவுளே, அந்த வெட்கத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டிருக்கக் கூடாதா?

மேல்வீட்டுக்குப் போன் போட்டு, "மீனைப் பத்திக் கேக்கணும், பிள்ளைகிட்டக் குடு" என்றேன்.

"ஏட்டி, அம்மா பக்கத்துல இருக்காளா?"

"அடுக்களையில நிக்கா அத்தே."

"மெதுவாப் பேசு. நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிக்குப் போயி அந்த வாளியக் கவுத்து விட்டுரணும். அரை வாளிதான், தள்ளினா சாஞ்சிரும். யாருக்கும் தெரியக்கூடாது. செய்வியா?"

"சரி அத்தே."

அவ்வளவுதான். அடுத்து நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் நாலு நாள் கழித்துத்தான் ஊர் திரும்பினோம். வழியெல்லாம் சாரல். வாசலைத் திறந்ததும் முதலில் தொட்டியைத்தான் பார்த்தேன். பாசிச்செடிக்கு இடையில் என்னமோ அசைந்தது. குனிந்து பார்த்தால் குட்டிகள். நகக்கண் அளவு, கண் மட்டும் கறுப்பாக, தாய் மாதிரியே மேல்மட்டத்தில் வரிசையாக நின்றன. உயிரோடு நின்றன. எண்ணினேன், பதிமூன்று. திரும்ப எண்ணினேன், பதிமூன்று. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், அவரும் எண்ணினார். அந்தச் சந்தோஷத்தில் மாடிக்குப் போக அரை மணி நேரம் பிந்திவிட்டேன்.

வாளி நின்ற இடத்திலேயே நின்றது. சாரல் விழுந்து விளிம்பு வரை நிறைந்திருந்தது. குனிந்து பார்த்தேன். புழு ஒன்றுகூட இல்லை. தண்ணீர் மேல் மட்டும் காலிக் கூடுகள் மிதந்தன, தவிடு தூவினதுபோல. எல்லாம் கொசுவாகிப் பறந்துவிட்டது.

டேங்கின் நிழலில் சுவரைப் பார்த்தேன். கால்களில் வெள்ளைக் கோடு போட்ட கொசுக்கள் அங்கங்கே உட்கார்ந்திருந்தன. செருப்பைக் கழற்றி அடித்தேன். நாலோ ஐந்தோ செத்தன. மற்றவை எங்கே? நான் வாளியைக் கவிழ்த்தேன், தேய்த்தேன், கொண்டுபோய்க் குப்பை வண்டியில் போட்டேன். "சொன்னா கேக்குதாளா பாரு, மூதி" என்று அந்தப் பிள்ளையைத்தான் திட்டினேன். விளையாட்டில் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் டூட்டிக்குப் போனதும் ஆபீசில் ஒரு தகவல் சொன்னார்கள். எங்கள் தெருக் கோடி வீட்டுக்காரர் ஒருவர் புனலூர்ப் பக்கம் வேலைக்குப் போனவர், ஒரு வாரத்துக்கு முன்னால் காய்ச்சலோடு திரும்பியிருக்கிறார். டெங்கு. ஜன்னலைத் திறந்துபோட்டு வீட்டிலேயே படுத்திருந்தாராம்.

இந்தக் கணக்கும் எனக்குத் தெரியும். கொசு சும்மா கடித்தால் ஒன்றுமில்லை. காய்ச்சல்காரரைக் கடித்த கொசுவாக இருக்க வேண்டும். கிருமி அதன் உடம்பில் முற்ற ஒரு வாரம், பத்து நாள். பிறகு அது யாரைக் கடிக்கிறதோ அவருக்குக் காய்ச்சல் வர இன்னும் ஒரு வாரம். எங்கள் தெருவில் காய்ச்சல்காரர் ஒருவர் படுத்திருந்தார். கொசுவை நான் கொடுத்துவிட்டேன்.

நாட்களை எண்ண ஆரம்பித்தேன். குற்றாலத்தில் ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் படிகளில் ஏறுவேன், ஆளுயர டிரம்முக்குள் டார்ச் அடிப்பேன், மனசுக்குள் இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று ஓடும். குளிக்க வந்த கூட்டம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டு போகும். எனக்கு அத்தனை சத்தமும் எங்கேயோ தூரத்தில் கேட்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் நெற்றியில் கை வைப்பேன். பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திவைப்பேன். அவள் கைகாலில் வேப்பெண்ணெய் தடவுவேன். "நாத்தம் அத்தே" என்று மூக்கைப் பொத்துவாள்.

"என்ன அத்தே, சும்மா சும்மா நெத்தியத் தொட்டுப் பாக்கீங்க?"

"சும்மாதாம்ட்டி. மீனுக்குத் தீனி போட்டியா?"

தொட்டியில் குட்டிகள் நாளுக்கு நாள் வளர்ந்தன. கீழ்த்தாடை நீள ஆரம்பித்தது. முன்பென்றால் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட மறந்திருப்பேன். இப்போது அவற்றைப் பார்க்கவே பயமாக இருந்தது. தாய் எதைத் தின்று அந்தப் பதிமூன்றும் உயிரோடு பிறந்தன என்று எனக்குத் தெரியும்.

பத்து நாள் போனது. பதினைந்து போனது. பதினாறாம் நாள் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பதினேழாம் நாள் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல், தொட்டிப் பக்கம் போகாமல், என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். நெற்றியைத் தொட்டேன். தோசைக்கல்லாகச் சுட்டது.

"கண்ணு வலிக்கு அத்தே" என்றாள்.

அவள் அம்மா கடையிலிருந்து ஓடிவந்தாள். "சாரல்ல நனைஞ்சிருப்பா, மாத்திரை குடுத்தாச் சரியாயிரும்" என்றாள். நான்தான் கத்தினேன். "மாத்திரை மண்ணாங்கட்டி எல்லாம் வேண்டாம், ரத்தம் டெஸ்ட் பண்ணு, இப்பவே பண்ணு!" ஏட்டையா காரை எடுத்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். தென்காசியில் பார்த்தார்கள், டெங்குதான் என்றார்கள். மூன்றாம் நாள் பிளேட்லெட் இறங்குகிறது என்று திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அந்தக் காரும் ஏட்டையாவுடையதுதான். அவர் அங்கேயே ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு துண்டை விரித்துக் கிடந்தார்.

பிள்ளைக்கு ஈறில் ரத்தம் கசிந்ததாம். வயிறு வீங்கியதாம். அவள் அப்பா வடக்கேயிருந்து ரயில் ஏறிவிட்டாராம். போனில் ஒவ்வொரு தகவலாக வரும். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் நான் எடுக்கமாட்டேன், வீட்டுக்காரர்தான் எடுப்பார். அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பிள்ளை போய்விட்டால் நானும் இருக்கப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இதை அழகுக்காக எழுதவில்லை.

ஒரு வீட்டில் டெங்கு என்றால் சுற்றிலும் உள்ள வீடுகளைச் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சீசன் டூட்டி இருந்தாலும் அந்தத் தெரு என் பொறுப்பு. சூப்பர்வைசரோடு நானும் போனேன். என் வீட்டு வாசலில் நின்று அவர் கேட்டார், "மாடி பாத்தாச்சா?"

"பாத்தாச்சு சார். ஒண்ணுமில்ல."

"ஒங்க வீட்டுல இருக்குமா என்ன?" என்று சிரித்துவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பினார்.

ஏட்டையா அன்றைக்குத்தான் மாற்று உடுப்பு எடுக்க ஊருக்கு வந்திருந்தார். காம்பவுண்டுச் சுவரில் குருவிச் சட்டி. ஒரு வாரமாக ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் யார் தண்ணீர் மாற்றுவது? அதைக் கொட்டும் ஞாபகம் எனக்கும் இல்லை. சூப்பர்வைசர் டார்ச் அடித்தார். சட்டிக்குள் புழு நெளிந்தது. பிள்ளை காய்ச்சலில் விழுந்த பிறகு வந்த புழு. அது எனக்குத் தெரியும். பார்த்த உடனே வயசு சொல்லிவிடுவேன். சூப்பர்வைசருக்கு அது தேவையில்லை.

"எழுதிக்கோங்க" என்றார் என்னிடம். "இதான் எடம்."

நான் எழுதினேன். என் கையால் எழுதினேன். அட்டையில் வீட்டு எண், என்ன பாத்திரம், புழு இருந்தது. சூப்பர்வைசர் தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார். படித்தவர், போலீசில் இருந்தவர், நீங்களே இப்படிச் செய்தால் எப்படி, ஒரு பச்சைப்பிள்ளை அங்கே உயிருக்குப் போராடுது என்றார். வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். ஏட்டையா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சூப்பர்வைசர் அடுத்த வீட்டுக்குப் போனதும் ஏட்டையா என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, நீ எத்தனை தடவை சொன்ன. நாந்தான் கேக்கல. ஒரு குருவிக்குத் தண்ணி வச்சேன், அது இப்படி வந்து முடியும்னு நெனைக்கலம்மா." கண் தண்ணீராக ஓடியது. தெருவெல்லாம் பேர் வாங்கின என் வாய் அன்றைக்கு எங்கே போனது? "விடுங்க ஏட்டையா" என்று மட்டும் சொன்னேன். அவர் அந்தச் சட்டியைத் தூக்கித் தரையில் போட்டு உடைத்தார். பிறகு ஒரு பூந்தொட்டியை எடுத்தார். அதையும் உடைத்தார். தொட்டிகள் ஒவ்வொன்றாக உடைகிற சத்தத்தை நான் என் அடுக்களையில் நின்று கேட்டேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தெலும்பு தெரிய, தலைமுடி கொட்டி, நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்ததும் மீனைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாளாம். அவள் அம்மா தூக்கிக்கொண்டு வந்து தொட்டி முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"ஆஸ்பத்திரில டாக்டரு திருப்பித் திருப்பிக் கேட்டாரு, வீட்டுப் பக்கம் எங்கயாது தண்ணி கெட்டி நிக்காம்மா, நீ எங்க வெளையாடுவன்னு. இவ வாயத் தொறக்கணுமே! பல்ல இறுக்கிக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தா. ரொம்பப் பயந்துட்டா போல" என்றாள் அவள் அம்மா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நீங்க மட்டும் ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லி சத்தம் போடலைன்னா நான் மாத்திரையக் குடுத்துத் தூங்கப் போட்டிருப்பேன். எம் பிள்ளையக் காப்பாத்துனது நீங்கதான்" என்று அழுதாள். அவளே அடுக்களைக்குப் போய் எனக்குச் சேர்த்துக் காப்பி போட ஆரம்பித்தாள்.

நான் பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மீன் குட்டிகள் இப்போது ஒரு விரற்கடை வளர்ந்திருந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினாள். பதிமூன்றும் இருந்தன. அவள் முகம் மலர்ந்தது. குனிந்து என் காதோரம் வாயை வைத்தாள். மருந்து வாடை அடித்தது.

"ஒண்ணுகூடச் சாவல, பாத்தீங்களா அத்தே? நான் யாருகிட்டயும் சொல்லல."

நான் அவள் நெற்றியில் கை வைத்தேன்.

"வாளி ரொம்பக் கனமா இருந்துச்சு அத்தே. தள்ளித் தள்ளிப் பாத்தேன், சாயல. அதான் கையால அள்ளி அள்ளி ஊத்தினேன். தெனமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அள்ளினேன். மழை பெஞ்சு திரும்பத் திரும்ப நெறஞ்சிட்டு. கொசு கடிச்சுது, ஆனா நீங்க வார வரைக்கும் அள்ளினேன்."

அடுக்களையில் அவள் அம்மா டம்ளரில் காப்பி ஆற்றுகிற சத்தம் கேட்டது. பிள்ளை அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, இன்னும் மெதுவாகக் கேட்டாள்.

"இனியும் சொல்லக்கூடாதா அத்தே?"

அந்த இடத்தில் நான் "சொல்லு தாயி" என்று சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. காப்பியோடு அவள் அம்மா வருகிற காலடி கேட்டது. நான் தலையை ஆட்டினேன், கூடாது என்று. பிள்ளை சரி என்று தலையசைத்து, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மீன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.